எதிர்ச்சுவர்

பலகை மாட்டுவது என் வேலை.
வாசகம் எழுதுவது வேறு ஆள்,
திரை விலக்குவது இன்னொருவர்.
துளை மட்டும் என்னுடையது.
எட்டு மில்லிமீட்டர், நான்கு,
மழைநீர் உள்ளே இறங்காதபடி
சற்றே மேல்நோக்கி.

திபிலிசியில், சொலொலாக்கி மேட்டில்,
எந்தச் சுவரும் புதிதில்லை.
பூச்சைத் தட்டினால்
முந்தைய பலகையின் துளைகள் இருக்கும்,
காது குத்தித் தூர்ந்துபோன மடல்போல.
யாருடையது என்றால்
"அந்தக் காலத்து ஆள்" என்பார்கள்.
எந்தக் காலம் என்று கேட்கக்கூடாது.

அக்டோபரில் வந்தது
எலிஸ்பார் சுலாவாவின் பலகை.
கவிஞர். காசநோய். முப்பத்தோரு வயது.
"இவ்வீட்டில்" என்று ஒரு வரி,
அதன்கீழ் பெயர், இரண்டு ஆண்டுகள்,
கடைசியில் "வாழ்ந்தார்."
இருபத்திரண்டு கிலோ வெண்கலம்.
வண்டியிலிருந்து இறக்கும்போது வாழா சொன்னான்:
"மனுஷன் கடைசி நாளில்
இதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்திருப்பான்."

முதல் மாடிச் சியாலா
துணிக்கொடியை நகர்த்த மறுத்தாள்.
"செத்தவருக்குச் சுவர், சரி.
என் போர்வை எங்கே காயும்?"
பிறகு தண்ணீர் வரி குறையுமா என்று விசாரித்தாள்.
குறையாது.
முணுமுணுத்தபடி
ஒரு முழம் தள்ளிக் கட்டினாள்.

துணைமேயர் பேசினார்.
பள்ளிச் சிறுமி ஒருத்தி
நான்கு வரி ஒப்பித்து ஐந்தாவதில் நின்றாள்.
எல்லோரும் கைதட்டி அவளைக் காப்பாற்றினார்கள்.
வெள்ளைத் துணி மூன்றாம் திருகாணியில் சிக்கிக்கொள்ள
நான்தான் ஏணி ஏறி எடுத்துவிட்டேன்.
செய்தித்தாள் படத்தில்
என் முழங்கால் இருக்கிறது.

அத்தோடு முடிந்திருக்கும்.
அடுத்த தெருவில் ஒரு பலகைக்கு
புகைபோக்கி சுவருக்குள் எங்கே ஓடுகிறது என்று பார்க்க
பழைய வரைபடங்களைக் கேட்டு வாங்கினேன்.
அதில் நம் பதினேழு பதினேழாக இல்லை.
தெருவின் பெயரை மூன்று முறை மாற்றியவர்கள்
ஒருமுறை எண்களையும் புரட்டியிருக்கிறார்கள்,
ஒற்றைப்படை இந்தப் பக்கம்,
இரட்டைப்படை அந்தப் பக்கம்.
சுலாவா இருந்தது எதிரே,
பாதி மண்ணுக்குள் இறங்கிய அறையில்.
இப்போது அது ஓத்தாரின் மருந்துக்கடை.

அலுவலகத்தில் நாத்தேலா
வரைபடத்தை என் பக்கமே திருப்பி வைத்தாள்.
"வெண்கலத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று.
உன் கவிஞருக்கு என்ன அவசரம்?"

நூலகத்தில் அவர் புத்தகம்
என்னைவிட இளைத்திருந்தது.
சிறுமி மறந்த ஐந்தாம் வரியைத் தேடினேன்.
"எதிர்ச்சுவரில் எவளோ காயவைத்த போர்வை,
இந்தச் சன்னலுக்கு வாய்த்த கடல்."
மூடி வைத்தேன்.
திரும்பவும் திறந்தேன்.
கவிதை படிக்கிற ஆளில்லை நான்.
சுவர் என்றால் எனக்குப் புரியும்.

சனிக்கிழமை ஏணியோடு போனேன்.
திருகாணி தளர்ந்திருக்கிறதா பார்க்க வந்தேன் என்று சொல்லி
சியாலாவின் கொடியைப்
பழைய இடத்துக்கே இழுத்துக் கட்டினேன்.
"பலகையை மறைக்குமே?" என்றாள்.
மறைக்கட்டும் என்றேன்.
ஒரு கைப்பிடி பிளம் பழம் தந்தாள்,
காரணம் கேட்கவில்லை.

இப்போது போர்வை தொங்கும் நாட்களில்
"இவ்வீட்டில்" தெரிவதில்லை.
"வாழ்ந்தார்" தெரிகிறது.
பயணிகள் புகார் எழுதுகிறார்கள்.
நாத்தேலா அவற்றை ஒரு கோப்பில் அடுக்குகிறாள்.

இடையில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டு
ஓத்தாரிடம் பிளாஸ்திரி வாங்கப் போனேன்.
நான்கு படி கீழே. நிலை தாழ்வு.
நெற்றி இடிக்காமல் நுழைய
நன்றாகவே குனிய வேண்டும்.
தலைவலி மாத்திரைக்கு வருபவரும்
குழந்தையின் இருமலுக்கு வருபவரும்
ஒவ்வொருவராகக் குனிந்து நுழைவதை
வரிசையில் நின்று பார்த்தேன்.

"நிலையை உயர்த்தப்போகிறேன்,
தினம் ஒருவர் இடித்துக்கொள்கிறார்" என்றான் ஓத்தார்.
அது பாரம் தாங்கும் கல்,
கை வைத்தால் மூன்று மாடியும் உட்காரும் என்றேன்.

பொய்தான்.
துளை போடுகிறவன் சொன்னால்
நம்புவார்கள்.